பழைய ஃப்ளைட் சிமுலேட்டர்: வேகத்தைக் கூட்டாதீர்கள், டிஸ்க்கை அவசரப்பட்டுச் சுழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டுக் கணினி விளையாட்டுகளின் தொடக்க காலம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தோம். விமானம் ஓட்டுவதைக் கணினித் திரையில் பழக்கும் ஃப்ளைட் சிமுலேட்டர்களுக்கும் அதில் இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த இரண்டு பத்திக்குள் திருத்த வேண்டியவை மூன்று இருக்கின்றன.

முதலாவது, இந்த வகை 1982-இல் மைக்ரோசாஃப்டோடு தொடங்கியதல்ல. இரண்டாவது, ‘1982 பதிப்பு’ என்ற குறிப்போடு அச்சான படத்தில் தரை முழுவதும் வயலும் காடுமாகத் தெரிகிறது. தரைக்கு அப்படி மேற்பரப்புப் படம் போர்த்தும் வசதி 1993-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. மூன்றாவதுதான் எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ‘நாலு கோடு, ஒரு தடுமாறும் விமானம், சொன்ன பேச்சுக் கேட்காத சாவிகள்’ என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். தவறான வேகத்தில், தவறான ஜாய்ஸ்டிக்கோடு (விமானத்தைத் திருப்பும் கைக்குச்சி) ஓட்டிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சரியான வேகத்தில் வைத்து, பேனலில் உள்ள மீட்டர்களைப் பார்த்து ஓட்டினால் அதே புரோகிராம் ஒரு கறாரான பயிற்சியாளர். கடிதம் நீளம்தான், இடம் இல்லையென்றால் இரண்டு பகுதியாகப் போடுங்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புரூஸ் ஆர்ட்விக் 1975-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேடு, விமானம் பறப்பதைக் கணினித் திரையில் உடனுக்குடன் வரைந்து காட்டுவது பற்றியது. 1977-இல் சப்லாஜிக் நிறுவனம் தொடங்கியது. 1979-80-இல் ஆப்பிள் 2 கணினிக்கு அவர்களுடைய முதல் ஃப்ளைட் சிமுலேட்டர் விற்பனைக்கு வந்தது; அடுத்து டிஆர்எஸ்-80 கணினிக்கும் வந்தது. ஆப்பிளுக்கான அந்த முதல் பதிப்பின் உலகமே ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 கட்டங்கள். 16 கிலோபைட் நினைவகத்தில் அது ஓடியது. 1982 நவம்பரில் ஐபிஎம் பிசிக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, அதே ஆர்ட்விக் எழுதியதைத்தான். சப்லாஜிக்கும் தன் பெயரிலேயே ஃப்ளைட் சிமுலேட்டர் 2-ஐ 1983-இல் ஆப்பிளுக்கும், பிறகு கமடோர் 64, அட்டாரி கணினிகளுக்கும் கொண்டுவந்தது. பிரிட்டனில் இதற்குத் தனி மரபு. அங்குள்ள வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரமுக்கு சையான் நிறுவனத்தின் ஃப்ளைட் சிமுலேஷன். இன்னொரு வீட்டுக் கணினியான பிபிசி மைக்ரோவுக்கு ஜெஃப் கிராமண்ட் எழுதிய ஏவியேட்டர், அதில் ஓட்டுவது ஸ்பிட்ஃபயர் போர் விமானம். மைக்ரோசாஃப்ட் பதிப்புக்கு இன்னொரு வேலையும் வாய்த்தது: ஐபிஎம் போலவே வேறு நிறுவனங்கள் செய்த கணினிகள் உண்மையிலேயே ஐபிஎம்முக்கு ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க, லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் புரோகிராமையும் இதையும் போட்டுத்தான் பார்ப்பார்கள். வன்பொருளை அவ்வளவு நேரடியாகத் தொட்டு வேலை வாங்கிய புரோகிராம் இது.

ஏன் கோடு மட்டும் என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆப்பிள் 2-இல் இருக்கும் 6502 ப்ராசஸரின் வேகம் 1 மெகாஹெர்ட்ஸ் அளவு. அதில் பெருக்கலுக்கென்று தனிக் கட்டளை கிடையாது. கூட்டல், கழித்தல், எண்ணின் இலக்கங்களை இடம் தள்ளுதல் ஆகியவற்றை வைத்தே பெருக்க வேண்டும். சைன், கொசைன் மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணையாகப் போட்டு வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். 280-க்கு 192 புள்ளித் திரை ஒன்றுக்கு 8 கிலோபைட். ஒன்றைக் காட்டிக்கொண்டே இன்னொன்றில் அடுத்த படத்தை வரைய இரண்டு திரை வைத்தால் 16 கிலோபைட் போய்விடும். முதல் பதிப்பைவிடக் கூடுதல் நினைவகம் இருந்தாலும், மிச்சம் இருப்பதில் விமானத்தின் இயக்கக் கணக்கு, மீட்டர்கள், ரேடியோ, நிலப்பரப்பு எல்லாம் அடங்க வேண்டும். விளைவு, நொடிக்குச் சில படங்கள்தான்.

அந்தச் சில படங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஓட்டும் முறையே மாறிவிடும். நொடிக்கு நாலு படம் என்று வைத்துக்கொள்வோம். 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் விமானம் நொடிக்குச் சுமார் 152 அடி நகரும். அப்படியென்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 38 அடி போய்விடுகிறது. சாவியை அழுத்தியதும் திரையில் ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடி அழுத்துகிறவர், இரண்டு படம் கழித்து மூக்கு வானத்தைப் பார்ப்பதைக் கண்டு பதறி எதிர்ச்சாவியை நாலு முறை அழுத்துவார். ‘தடுமாறும் விமானம்’ பிறப்பது இங்கேதான். தடுமாறுவது ஓட்டுபவரின் விரல். ஒரு முறை அழுத்த வேண்டும், இரண்டு படம் வரக் காத்திருக்க வேண்டும், பிறகு மீட்டரைப் பார்க்க வேண்டும். உண்மையான விமானத்தில் ஏற்ற இறக்க மீட்டரும் இப்படித்தான், தாமதித்தே உண்மையைச் சொல்லும். அதன் முள்ளைத் துரத்தக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவார்கள்.

கமடோர், ஆப்பிள் பதிப்புகளில் சாவிகள் கீபோர்டின் நடுவே ஜி சாவியைச் சுற்றி இருக்கும். ஜி-க்கு இடப்பக்கச் சாவி இடது சாய்வு, வலப்பக்கச் சாவி வலது சாய்வு, மேல் சாவி மூக்கைத் தாழ்த்தும், கீழ்ச் சாவி உயர்த்தும், ஜி சாவி நடுநிலைக்குக் கொண்டுவரும். கவனிக்க வேண்டியது, அழுத்தியதை விட்டாலும் கட்டுப்பாடு தானாக நடுவுக்கு வராது. ஜி அழுத்தும்வரை சாய்ந்தேதான் இருக்கும். இன்றைய விளையாட்டுகளில் பழகியவர்கள் இதை அறியாமல் முதல் திருப்பத்திலேயே தலைகீழாகிவிடுகிறார்கள்.

பழகுவதற்கு, விமானத்தைக் கிளப்பி ஒரு வட்டம் அடித்து அதே ஓடுபாதையில் இறக்குவதைவிட நல்ல பாடம் கிடையாது. ஃப்ளைட் சிமுலேட்டர் 2-இல் ஓட்டுவது பைப்பர் ஆர்ச்சர் என்ற சிறு விமானம். தொடங்குமிடம் சிகாகோவின் மீக்ஸ் ஃபீல்டு விமான நிலையம், வடக்கு நோக்கிய 36-ஆம் ஓடுபாதை. (அந்த நிலையத்தை 2003 மார்ச் 30 நள்ளிரவில் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவில் புல்டோசர் வைத்து, ஓடுபாதை நடுவே எக்ஸ் வடிவில் தோண்டி மூடிவிட்டார்கள். உலகத்தில் அதிகம் பேர் ‘இறங்கிய’ ஓடுபாதை அதுவாகத்தான் இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் சிகாகோவைப் பார்த்ததே இல்லை.) ஓடுபாதை நீளம் சுமார் 3,900 அடி. தரை மட்டமே கடல் மட்டத்துக்கு மேல் 592 அடி. ஆல்டிமீட்டர் காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம் என்பதால், சக்கரம் தரையில் இருக்கும்போதே அது 590 சொச்சம் காட்டும். பூச்சியம் வரும்வரை இறங்கலாம் என்று நினைப்பவர் மிச்சிகன் ஏரிக்கு அடியில்தான் போய் நிற்பார். புதிதாக ஓட்டுபவர்கள் மோதுவதற்கு முதல் காரணம் இதுதான்.

முழு வேகம் கொடுங்கள். 60 நாட் தாண்டியதும் கீழ்ச் சாவியை ஒன்றிரண்டு முறை அழுத்தி, 80 நாட்டுக்குக் குறையாமல் ஏறுங்கள். 1,600 அடியில் எஞ்சின் வேகத்தைக் குறைத்து 90 நாட்டில் நிலைப்படுத்துங்கள். இனி வலப்பக்கம், ஏரியின் மேல் 15 டிகிரி சாய்வில் திரும்புங்கள். இந்த வேகத்துக்கு இந்தச் சாய்வு நொடிக்கு 3 டிகிரி திருப்பம் தரும். ஒரு நிமிடத்தில் 180 டிகிரி. திசை மீட்டர் தெற்கைக் காட்டும்போது நேராக்கினால் ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல் கிழக்கே இருப்பீர்கள். ஏரியின் மேல் திரையில் ஒரு கோடுகூடக் கிடையாது; எங்கே இருக்கிறோம் என்று சொல்ல மீட்டரும் கடிகாரமும்தான். வலப்பக்கக் காட்சிக்கு மாறிப் பாருங்கள். ஓடுபாதையின் தென்முனை நேர் வலத்தில் வரும்போது பேனலில் உள்ள கடிகாரத்தில் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் வேண்டாம், காரணம் பிறகு வருகிறது. சரியாக ஒரு நிமிடம் தெற்கே போனால் ஒன்றரைக் கடல் மைல்.

மறுபடி வலப்பக்கம் அதே 15 டிகிரி, இந்த முறை நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கிக்கொண்டே. திருப்பம் முடியும்போது திசை 360 (வடக்கு), உயரம் 1,100, எதிரே ஓடுபாதை. ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்கி 65 நாட்டுக்கு வாருங்கள். இங்கிருந்து நிமிடத்துக்கு 350 அடி இறங்கினால் மூன்று டிகிரி சரிவு கிடைக்கும். கணக்கு எளிது: வேகத்தை ஐந்தால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வேகத்தை மூக்கால் சரிசெய்ய வேண்டும், இறங்கும் வீதத்தை எஞ்சினால் சரிசெய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் ஓடுபாதைக்கு முன்பே வேகம் செத்து ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். ஆல்டிமீட்டர் 620 தொடும்போது கீழ்ச் சாவி ஒரு முறை, எஞ்சினை முழுவதும் மூடுங்கள். இரண்டு முறை அழுத்தினால் விமானம் மறுபடி எழும்பி, அங்கேயே வேகமிழந்து விழும்.

காற்று இல்லாமல் இது வந்துவிட்டால், வானிலைப் பக்கத்தில் மேற்கிலிருந்து 10 நாட் காற்று வையுங்கள். ஒரு நிமிடத் திருப்பத்துக்குள் உங்களைச் சுமார் 1,000 அடி கிழக்கே தள்ளிவிடும். இரண்டு திருப்பமும் நடுவிலுள்ள நேர்ப்பாதையும் சேர்ந்தால் கடைசியில் ஓடுபாதை எங்கோ இடப்பக்கம் தெரியும். நேர்ப்பாதையில் மூக்கைக் காற்றின் பக்கம் 6 டிகிரி திருப்பி வைத்தால் தடம் நேராகும். ‘ரியாலிட்டி’ நிலையைப் போட்டால் இன்னொரு வம்பு. திசை மீட்டருக்குள் சுழலும் கைரோ மெல்ல மெல்ல விலகும். அவ்வப்போது காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் விட்டால் 180 என்று நம்பிப் போவது 170 ஆக இருக்கும். இவ்வளவையும் 64 கிலோபைட்டில் வைத்தவரைக் ‘கோடு போட்டவர்’ என்று தள்ளிவிட முடியுமா?

இப்போது வேகத்துக்கு வருவோம். அடிப்படை ஆப்பிள் 2-க்குள் நேரம் அளக்கும் சிப் கிடையாது. ப்ராசஸர் எத்தனை கட்டளை முடித்தது என்பதே அந்தக் கணினிக்குக் கடிகாரம். எமுலேட்டரில் (பழைய கணினியை இன்றைய கணினிக்குள் போலச் செய்யும் புரோகிராம்) வேகத்தைக் கூட்டினால் படம் வழவழப்பாகும், கூடவே விமானம் பறக்கும் வேகமும் கூடும். நீங்கள் யோசிக்கக் கிடைக்கும் நேரமும் அதே அளவு சுருங்கும். ஓடுபாதை ஒரு மூச்சில் வந்து முகத்தில் அடிக்கும். பேனல் கடிகாரத்தைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். அதுவும் சுவர்க் கடிகாரமும் ஒரு நிமிடத்தில் பெரிதாக விலகினால் அமைப்பில் ஏதோ தவறு.

ஆப்பிள்வின் எமுலேட்டரில் இயந்திர வேகத்தை அசல் 1 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். டிஸ்க் வேகத்தையும் அசலாகவே விடுங்கள். கமடோருக்கு வைஸ் எமுலேட்டரில் வார்ப் (அதிவேக) நிலையை அணைத்துவிட்டு, டிஸ்க் டிரைவை முழுதாகப் போலச் செய்யும் ட்ரூ டிரைவ் எமுலேஷனை இயக்குங்கள். இல்லாவிட்டால் நகல் தடுப்புள்ள டிஸ்க் பாதியில் நின்றுவிடும். இயந்திர வகையை அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி என்று தேர்ந்தெடுங்கள். ஐரோப்பிய டிவி முறையான ‘பால்’ (PAL) கமடோரின் ப்ராசஸர் 0.985 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கனுடையது 1.023, நாலு சதவீத வித்தியாசம் சின்னதுதான், ஆனால் எதற்கு? ஐபிஎம் பதிப்புக்கு டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் சைக்கிள் எண்ணிக்கையைச் சுமார் 300-க்குக் குறைத்தால் அந்தக் கணினியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 ப்ராசஸருக்குப் பக்கத்தில் வரும். இன்னும் துல்லியம் வேண்டுவோர் 86பாக்ஸில் அசல் ஐபிஎம் பிசியையே தேர்ந்தெடுக்கலாம். ஐபிஎம்முக்கான முதல் பதிப்பு டாஸ் இயங்குதளத்துக்குள் ஓடுவதல்ல. டிஸ்க்கைப் போட்டுக் கணினியை இயக்கினால் நேராக அதுவே எழும். டாஸில் கோப்புப் பட்டியல் கேட்டால் ஒன்றும் வராது. டிஸ்க் காலி என்று எண்ணி எறிந்துவிட வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் கேள்வி வரும். அதே முதல் பதிப்பு தொடங்கும்போது எந்த வகை மானிட்டர் என்று கேட்கும். கலர் டிவி என்று சொன்னால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் என்டிஎஸ்சி வீடியோ சிக்னலில் ஒன்றோடொன்று கலந்து புதுநிறமாகத் தெரியும் தந்திரத்தைப் பயன்படுத்தும். ஆப்பிள் 2-இன் நிறங்களும் இதே வழிதான். நம் ஊர் டிவி பால் முறை. அதில் அந்தக் கலப்பு நடக்காது. அசல் இயந்திரத்தை இங்குள்ள பழைய டிவியில் மாட்டிவிட்டுக் கருப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, வீடியோ சர்க்யூட் பழுது என்று ஐசியைக் கழற்றத் தொடங்கிவிடாதீர்கள். என்டிஎஸ்சி கலர் ஏற்கும் டிவி அல்லது மாற்றிக் கருவி வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கில் நடக்கும் குழப்பம் இன்னும் அதிகம். ஐபிஎம் பிசியின் கேம் போர்ட்டுக்கு (ஜாய்ஸ்டிக்கைச் செருகும் இடம்) ஒவ்வொரு திசைக்கும் 100 கிலோஓம் வேரியபிள் ரெசிஸ்டர், அதாவது குச்சி நகர நகர மின்தடை மாறும் பாகம். போர்ட்டில் உள்ள டைமர் சிப் அந்த ரெசிஸ்டர் மதிப்பை நேரமாக மாற்றுகிறது: 24.2 மைக்ரோநொடி, அதோடு ஒவ்வோர் ஓமுக்கும் 0.011 மைக்ரோநொடி. முழுக்கத் தள்ளினால் சுமார் 1,124 மைக்ரோநொடி, நடுவில் வைத்தால் சுமார் 574. அந்த நேரத்தை ப்ராசஸர் தானே எண்ணிக்கொண்டிருக்கும். வேகமான கணினியில் அதே நேரத்துக்குள் எண்ணிக்கை பல மடங்கு ஏறி எல்லையைத் தாண்டிவிடும். குச்சியை நடுவில் வைத்தாலும் விமானம் ஒரு பக்கம் சாயும். வேகத்தைச் சரிசெய்யும் திருகு உள்ள கேம் கார்டு இதற்காகவே விற்றார்கள். பழைய குச்சியில் முள் நடுங்கினால் ரெசிஸ்டர் பட்டையில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது முறை முழுவதும் சுற்றுங்கள், போகவில்லையென்றால் மாற்றுங்கள். வாங்கும்போது லீனியர் (சீராக மாறும்) வகை என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோ வால்யூமுக்கான லாக் வகையைப் போட்டால் நடுப்புள்ளி ஓரத்துக்குப் போய்விடும்.

ஆப்பிள் 2-க்குத் தேவை 150 கிலோஓம். அது 0 முதல் 255 வரை எண்ணும். பிசி குச்சியைக் கம்பி மாற்றி இதில் மாட்டினால் 170-உடன் நின்றுவிடும். மூக்கு ஒரு பக்கம் முழுவதும் போகும், மறுபக்கம் பாதியோடு நிற்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட், ஒவ்வொரு திசை உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.01 மைக்ரோஃபாரட் ஒன்றைச் சேர்த்தால் எல்லை சரியாகிவிடும். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்ச் செலவு. ஆனால் பிபிசி மைக்ரோவின் அனலாக் போர்ட்டும் பிசி கேம் போர்ட் போலவே 15 முள் வடிவம் என்பதால் அதில் பிசி குச்சியை அப்படியே செருகி விடாதீர்கள். பிசி குச்சியில் ரெசிஸ்டரின் இரண்டு முனைதான் இணைந்திருக்கும். பிபிசிக்கு மூன்று முனையும் வேண்டும், அதுவும் அதன் சொந்த 1.8 வோல்ட் அளவில். வடிவம் பொருந்துவதால் கம்பியும் பொருந்தும் என்று அர்த்தமில்லை.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது பரணில் அசல் டிஸ்க்குகள் இருந்தால், தயவுசெய்து உடனே டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம், 5.25 அங்குல ஃப்ளாப்பி டிஸ்க்கில் பூஞ்சை பிடிப்பது சகஜம். நீள்வட்டத் துளை வழியே டார்ச் அடித்து, நடுவளையத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மங்கலான வட்டப் புள்ளிகளோ சாம்பல் படலமோ தெரிந்தால் அதுதான். அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சையோடு சேர்ந்து ஆக்சைடு பூச்சும் சுரண்டி டிரைவின் ஹெட்டில் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) ஒட்டும். பிறகு அந்த ஹெட் அடுத்து வரும் நல்ல டிஸ்க்கிலும் வட்டமாகக் கீறும். ஒரு டிஸ்க்கின் பூஞ்சையால் பெட்டி முழுக்கப் போன கதை இப்படித்தான் நடக்கிறது.

பூஞ்சை பிடித்த டிஸ்க்கின் உறையை மேல் விளிம்பில் கத்தரித்து, உள்ளிருக்கும் வட்டத் தகட்டை மட்டும் ஓரத்தைப் பிடித்து வெளியே எடுங்கள். எந்தப் பக்கம் லேபிள் பக்கம் என்று நடுவளையத்தில் சின்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் பக்கம் மாறிவிடும், படிக்கவே வராது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் வட்டமாகத் தடவிக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நூல் உதிராத துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் முழுவதும் காயவிடுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது, தகடு நெளிந்துவிடும். கேட்பாரற்ற ஒரு வெற்று டிஸ்க்கின் உறையை வெட்டி அதற்குள் இதைச் செருகிப் படியுங்கள். பழைய உறையில் மறுபடி போட்டால் அதன் உட்துணியில் இருக்கும் பூஞ்சை திரும்ப ஒட்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்குப் பிறகும் ஹெட்டை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தாக வேண்டும்.

முதல் ஓட்டத்திலேயே நகல் எடுத்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்காமல் போகலாம். டிஸ்க்கில் மேலெழுதுவதைத் தடுப்பதற்கான ஓர வெட்டை முதலில் ஒட்டுப் பட்டையால் மூடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் துளை திறந்திருந்தால் பாதுகாப்பு. இதில் நேர்மாறு, மூடினால்தான் பாதுகாப்பு. வழக்கமான நகல் முறை இங்கே பலிக்காது. கமடோர் டிஸ்க்கில் 683 பிளாக், ஆப்பிளில் 35 டிராக்கும் (வட்டத் தடம்) தலா 16 செக்டாரும் (தடத்தின் துண்டு) என்ற வழக்கமான அமைப்பை நகல் தடுப்பு வேண்டுமென்றே குலைத்து வைத்திருக்கும். செக்டார் செக்டாராகப் படிக்கும் முறை அங்கே பிழை என்று சொல்லி நிற்கும், அல்லது இன்னும் மோசமாக, பிழையே சொல்லாமல் ஓடாத நகலைத் தரும். காந்தப் புலம் மாறும் நேரங்களை அப்படியே பதிவு செய்யும் கருவி தேவை. கிரீஸ்வீசல் என்ற திறந்த வடிவமைப்புப் பலகை, பழைய பிசியின் 1.2 மெகாபைட் டிரைவ், 34 முள் கேபிள், 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தரும் பவர் சப்ளை, இவ்வளவு போதும். ஒவ்வொரு டிராக்கையும் குறைந்தது மூன்று சுற்றுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் தவறியது அடுத்ததில் கிடைக்கும். பதிவை ஆப்பிளுக்கு வாஸ் வடிவத்திலும், கமடோருக்கு ஜி64 வடிவத்திலும் மாற்றலாம். டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு எழுதிய இரண்டாம் பக்கம் இருந்தால் பிசி டிரைவ் திணறும். சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் இன்டெக்ஸ் துளை அந்தப் பக்கத்தில் சரியான இடத்தில் இருக்காது, ஆப்பிளும் கமடோரும் அந்தத் துளையைப் பார்ப்பதே இல்லை. அதற்கு டிரைவில் சிறு மாற்றம் செய்ய வேண்டும். படிக்க மட்டும்தான் இந்த 1.2 மெகாபைட் டிரைவ். அதில் 40 டிராக் டிஸ்க்கை எழுதாதீர்கள். அதன் ஹெட் குறுகல், பழைய எழுத்தின் ஓரம் மிஞ்சி நின்று அசல் டிரைவைக் குழப்பும்.

ஸ்பெக்ட்ரம் கேசட் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. டேப்பை நல்ல டெக்கில் போட்டு, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும்வரை ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமுத் திருகை மெல்லத் திருப்பி, 44,100 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். டால்பி இரைச்சல் குறைப்பு அணைந்திருக்க வேண்டும். எம்பி3 கூடவே கூடாது. அது காதுக்குக் கேட்காது என்று வெட்டி எறியும் பகுதி கணினிக்கு வேண்டும்.

கடைசியாக மின்சாரம். கமடோர் 64-இன் பவர் சப்ளை பெட்டிக்குள் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதலாக அனுப்பி மெமரி சிப்புகளை எரித்துவிடும். கணினியில் செருகுவதற்கு முன், 7 முள் பிளக்கில் 5-ஆம் முள்ளுக்கும் 2-ஆம் முள்ளுக்கும் நடுவே 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டி, பத்து நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இல்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். சுமை இல்லாமல் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

1984-85-இல் மத்திய அரசின் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டமான கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்கள். எந்தப் பள்ளி ஆய்வகத்து அலமாரியிலாவது ஒன்று மிச்சமிருந்தால், சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் பவர் சப்ளை மூடியைக் கழற்றுங்கள். மின் இணைப்பு பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்கள் வடிய நேரம் கொடுத்த பிறகு. மஞ்சள் பழுப்பு நிறத்தில், கண்ணாடி போன்ற மேலுறையுடன் ரிஃபா என்று அச்சிட்ட இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும், உறையில் மயிரிழை விரிசல்கள் தெரியும். அந்த விரிசல் வழியே ஈரம் இறங்கியிருக்கும். 230 வோல்ட் பட்டதும் சில நிமிடங்களில் வெடித்து அறை முழுக்கப் புகை கக்கும். 100 நானோஃபாரட் ஒன்று, 10 நானோஃபாரட் ஒன்று, இரண்டுமே 275 வோல்ட் எக்ஸ்2 வகையில் வாங்கி மாற்றுங்கள். ஆப்பிள் 2-இன் பவர் சப்ளையிலும் இதே வகை 100 நானோஃபாரட் உண்டு. மாற்றிய பிறகு தாராளமாக ஏவியேட்டரைப் போட்டு ஸ்பிட்ஃபயரைக் கிளப்பலாம்.

இங்ஙனம்,
பழைய கணினி ஆர்வலர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.